18 வயது முடிந்த பையனை எந்த அணியில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரம் எங்கள் மைதானத்தில் ஆட்டத்தைவிடப் பேச்சு அதிகமாக இருக்கும். பெரம்பூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து பையன்கள் வயது வரம்பைத் தாண்டி ஜூனியர் அணியிலிருந்து வெளியேறுகிறார்கள். அடுத்து எங்கே போவது என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறது. இந்த ஆண்டு ஒரு தாய், வேலைக்குப் போகிற வழியில், கையில் சாப்பாட்டுப் பையோடு கம்பி வேலியருகே வந்து நின்றார். "சார், இவனுக்கு இனிமேல் ஜூனியர் டீம் இல்லை என்கிறான். ஒரு கிளப்பின் ரிசர்வ் அணியில் கூப்பிடுகிறார்கள். காலேஜ் பக்கமும் கேட்டிருக்கிறார்கள். எது நல்லது? நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்துவிடுகிறோம்" என்றார்.

அப்படியே செய்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் எனக்குள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்ற பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் உதவலாம்.

முதலில், ஜூனியர் ஆட்டத்துக்கும் ஆண்கள் ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன், முதல் முறையாக லீக் ஆட்டத்தில் இறங்கினான். வயது 18, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஜூனியர் போட்டிகளில் அவனைத் தாண்டித் தலையால் முட்டியவர் யாரும் இல்லை. எதிரே ஓர் அலுவலக அணியின் ஃபார்வர்டு. 30 வயதைக் கடந்தவர், ஓட்டத்தில் எங்கள் பையனுக்குப் பாதி தேறமாட்டார். கார்னர் எடுக்கப்போகும் நேரம் அவர் நிதானமாக நடந்துவந்து பையனுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். பந்து காலை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன் முன்கையை அவன் நெஞ்சோடு ஒட்டவைத்து, இடுப்பைத் தாழ்த்தி, அரை அடி பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான். பையன் எம்பும்போது அவனுக்கும் பந்துக்கும் நடுவே அந்த அகலமான முதுகு இருந்தது. கோல். இரண்டாவது கார்னரில் பையன் கோபத்தில் தள்ளினான், நடுவர் ஊதிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு வந்த கார்னரில்தான் அவன் தன் முன்கையை முதலில் வைத்தான், இடுப்பைத் தாழ்த்தினான், பந்தை வெளியே முட்டினான்.

அந்த ஒரு மணி நேரப் பாடத்தை என்னால் பயிற்சியில் கொடுத்திருக்க முடியாது. சம வயதுப் பையன்கள் ஒருவரோடொருவர் ஓடுவார்கள், இடித்துக்கொள்வார்கள். ஆனால் நிற்கத் தெரிந்த உடம்பும் பத்தாண்டு அனுபவமும் எதிரே இருந்தால்தான் இது பழகும். ஆகவே எந்த வாய்ப்பு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த 12 மாதத்தில் இவன் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக எத்தனை முழு ஆட்டம் ஆடுவான்? சீருடையின் பெயர், விடுதியின் வசதி, படத்தில் தெரியும் புல்தரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியோடு தொழில்முறை கிளப்பின் ரிசர்வ் அணியை, அதாவது முதன்மை அணிக்கு அடுத்த இளைஞர் அணியைப் பார்க்கலாம். பெற்றோர் மனத்தில் முதலில் வருவது இதுதான். சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017–18இலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற பிறகு இந்த ஊரில் கால்பந்தைப் பற்றிப் பேசினாலே பையன்களின் கண்ணில் அந்த நீலச் சட்டைதான் தெரிகிறது. 2017–18இல் வென்ற அணியில் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார் என்பது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லப்படுகிற விஷயம். மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் போன்ற உறைவிட அகாடமியும் வந்துவிட்டது. இத்தகைய இடங்களில் கிடைக்கும் பயிற்சி, உணவு, உடற்பயிற்சி நிபுணர், காயம் பட்டால் பார்க்கும் பிசியோ ஆகியவற்றை என் போன்றவர்களால் கொடுக்கவே முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ரிசர்வ் அணியும் பெரும்பாலும் சம வயதினரோடுதான் மோதுகிறது. கிளப்களின் இளைஞர் அணிகளுக்காக 2022இல் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மெண்ட் லீக் தொடங்கியது. கோவாவில் நடந்த அந்த முதல் பருவத்தில் எட்டு அணிகள், ஒருவருக்கொருவர் ஒரு முறை. ஆக, ஓர் அணிக்கு ஏழு ஆட்டம். பிறகு அது நாடு முழுக்க விரிந்து ஆட்டங்கள் கூடின, அது நல்ல மாற்றம். ஆனாலும் அணியில் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர்களில் நான்காவதாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்த ஆட்டங்களில் எத்தனை நிமிடம் வந்து சேரும்? ரிசர்வ் அணி வளர்ந்த ஆண்கள் ஆடும் சென்னை லீக்கிலும் ஆடுமானால், அவனுக்கு அதில் இடம் உண்டென்றால், கணக்கு முற்றிலும் மாறிவிடும். இதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இங்கே இடம் கிடைக்காவிட்டால் வேறு அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்புவீர்களா? டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாப்பா 2016இல், 18 வயதில், சென்னையின் எஃப்.சி.யில் சேர்ந்தார். அவரை அப்படியே பெஞ்சில் உட்காரவைக்கவில்லை. மினர்வா பஞ்சாப் அணிக்கு லோனில் அனுப்பினார்கள், இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக் ஆடினார், திரும்பி வந்து கோப்பை வென்ற அணியில் ஆடினார். சேர்த்துக்கொண்ட கிளப் இப்படி ஒரு திட்டத்தை வாய்விட்டுச் சொன்னால் என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கிளப்பின் ஆயுளையும் நினைத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19இல் ஐ-லீக் சாம்பியன். சில ஆண்டுகளில் அந்த லீக்கிலேயே அந்த அணி இல்லை. 2025இல் ஐ.எஸ்.எல். பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் எல்லோரும் காத்திருந்தோம். படிப்பை நிறுத்திவிட்டு முழுதாக ஒரு கிளப்பை நம்பிப்போன 18 வயதுப் பையனுக்கு அந்த மாதங்கள் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அடுத்தது கல்லூரி. சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், கட்டணச் சலுகை, சில இடங்களில் விடுதியும் சாப்பாடும் கிடைக்கும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக 500 இடங்கள் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள், லயோலாவில் நடக்கும் பெர்ட்ராம் நினைவுப் போட்டி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் தென்மண்டலப் போட்டி என்று ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. எதிரே வருபவர்கள் 18 முதல் 25 வயதுக்காரர்கள். ஜூனியருக்கும் முழு ஆண்கள் லீக்குக்கும் நடுவில் ஒரு படி என்று இதைச் சொல்லலாம்.

உடம்பு இன்னும் தேறாத பையனுக்கு இந்தப் படி பெரிய வரம். ஆண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது சராசரியாக 14 வயதை ஒட்டி. சிலருக்கு அது ஓரிரு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். இந்தியாவில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லைக்கோடு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள், நடுவே ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ச்சி. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது பலமுறை கண்டறியப்பட்டது. டிசம்பர்ப் பையனை 18 வயதில் "சின்ன உடம்பு" என்று தள்ளிவிட்டால் நாம் காலண்டரைப் பார்த்துத் தள்ளுகிறோம் என்று பொருள். அவனுக்கு மூன்று ஆண்டு கல்லூரிக் கால்பந்து கொடுங்கள், 21இல் வேறு ஆளாக வருவான். 1992இல் சென்னையில் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால், சென்னை சிட்டியோடு ஐ-லீக் வென்ற பிறகு, 2019இல்தான் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். 26 வயதுக்கு மேல்.

கல்லூரியின் குறை, ஆட்டங்கள் கொத்தாக வருவது. சில வாரங்கள் அடுத்தடுத்து ஆட்டம், பிறகு தேர்வு, விடுமுறை என்று நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் உடம்பு தளர்ந்துவிடும்.

அந்த இடைவெளியை அடைப்பது சென்னைக் கால்பந்துச் சங்கத்தின் லீக். என் மனத்துக்கு மிக நெருக்கமான வழி இதுதான், மறைக்க விரும்பவில்லை. சீனியர் டிவிஷன் மேலே, அதன் கீழே முதல், இரண்டாம் டிவிஷன் என்று படிகள் இறங்குகின்றன. கீழ் டிவிஷன்களில் ஆடுபவர்கள் யார்? பகலில் கூரியர் கொண்டுபோகிறவர், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், முன்பு பெரிய அணியில் ஆடி இப்போது முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறவர். பணம் பெரிதாக இல்லை, பல அணிகளில் போக்குவரத்துச் செலவும் சாப்பாடுமே அதிகம். தரை சில இடங்களில் கட்டாந்தரை, மாலை மூன்றரை வெயிலில் பூட்ஸின் ஸ்டட் இறங்காது. ஆனால் தோற்றால் அந்த அணி கீழே இறங்கிவிடும் என்ற உண்மையான பயம் ஒவ்வோர் ஆட்டத்திலும் இருக்கிறது. ஜூனியர் ஆட்டத்தில் தவறு செய்தால் பயிற்சியாளர் திருத்துவார். இங்கே தவறு செய்தால் பக்கத்தில் ஆடுகிற 32 வயது அண்ணன் திட்டுவார், பந்து வெளியே போனதும் தோளில் கைபோட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லியும் கொடுப்பார். அந்த அண்ணன்தான் இந்த லீக்கின் பயிற்சியாளர்.

நந்தகுமார் சேகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பையன். ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ் அணியில் சென்னை லீக் ஆடினார். அங்கிருந்து சென்னை சிட்டி, பிறகு டெல்லி டைனமோஸ், ஒடிசா, ஈஸ்ட் பெங்கால். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலின் பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. அதே ஆண்டு இந்திய அணிக்கும் ஆடினார். இந்தப் பாதையில் முதல் படி சென்னை லீக் என்பதை என் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

லீக்கில் சேர்க்கும்போது பயிற்சியாளருக்கு ஒரு வேலை இருக்கிறது. பையனின் தரத்துக்கு ஒரு படி கீழே உள்ள டிவிஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீனியர் டிவிஷன் அணியில் பெஞ்ச், இரண்டாம் டிவிஷனில் முதல் பதினோரு பேரில் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். பையன்களுக்கு இது கசக்கும், நண்பர்களிடம் சீனியர் டிவிஷன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. 16 வயதிலிருந்தே வாரம் ஒருநாள் ஆண்கள் அணியோடு பயிற்சிக்கு அனுப்பிப் பழக்கிவிட்டால் அந்தக் கசப்பும் குறையும், முதல் ஆட்டத்தின் அதிர்ச்சியும் குறையும்.

பையன்களைப் பிரித்து அனுப்பாமல், மொத்தமாக ஓர் அணியாகவே கீழ் டிவிஷனில் இறக்கினால் என்ன என்றும் யோசித்தோம். இதற்கு முன்னோடி உண்டு. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் இளைஞர்களை மட்டும் வைத்து ஓர் அணியை ஐ-லீக்கில் இறக்கியது, இந்தியன் ஏரோஸ் என்று பெயர் வந்தது. முதல் பருவத்தில் ஜேஜே லால்பெக்லுவா 13 கோல் அடித்தார், பின்னாளில் சென்னை ரசிகர்கள் கொண்டாடிய அதே ஜேஜே. 2017இல் இங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்குப் பிறகு அந்த அணி மறுபடி உயிர்பெற்று, அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் முடித்தது. 2022இல் கலைக்கப்பட்டது. ஐரோப்பாவில் ரியல் மாட்ரிட்டின் இரண்டாவது அணி காஸ்தியா, நெதர்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் யாங் அயாக்ஸ் எல்லாம் இதே எண்ணம்தான். எல்லோருக்கும் நிமிடங்கள் உறுதி, எதிரே ஆண்கள். ஆனால் பக்கத்தில் அந்த 32 வயது அண்ணன் இல்லை. இரண்டு கோல் வாங்கியதும் பதினோரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையைத் தொங்கப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். செய்வதானால் ஸ்டாப்பர் இடத்தில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் என இரண்டு மூன்று மூத்தவர்களைச் சேர்த்துக்கொண்டே செய்ய வேண்டும். எங்களிடம் அதற்குப் பணமும் ஆளும் இந்த ஆண்டு இல்லை.

அலுவலக அணிகள் வீட்டாருக்கு மிகவும் பிடித்தவை, காரணம் சம்பளம். சென்னைக் கால்பந்தை நெடுங்காலம் தாங்கிப்பிடித்தவை அவைதான்: ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், மாநிலக் கணக்காயரின் ஏ.ஜி. அலுவலகம். இந்தியன் வங்கி ஒரு காலத்தில் தேசியக் கால்பந்து லீக்கிலேயே ஆடியது. ஆனால் 18 வயதில் நேராக இங்கே நுழைவது அரிது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை, பல்கலைக்கழக அளவிலோ தேசிய அளவிலோ ஆடிய சான்றிதழ் வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் சான்றிதழ்தான் அடிப்படை. கல்லூரி வழியாகப் பல்கலைக்கழக அணிக்குப் போகிறவனுக்கு அந்தக் காகிதம் கிடைக்கும். ஆகவே வேலை வேண்டும் என்கிற குடும்பமும் கல்லூரியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சில அலுவலக அணிகள் ஊழியர் அல்லாத இளைஞர்களையும் ஊக்கத்தொகை கொடுத்து ஆடவைப்பதுண்டு, அது கிடைத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு இத்தனை படிகள் இல்லை, 16 வயதிலேயே பெரியவர்களோடு ஆடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன்கள், மதுரையின் சேது எஃப்.சி. 2018–19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது, இந்திய அணிக்கு ஆடிய கடலூரின் இந்துமதி கதிரேசன் காவல் துறையில் உதவி ஆய்வாளர். அவர்களுக்கு எந்தப் படியில் ஏறுவது என்ற குழப்பத்தைவிட, ஆண்டு முழுக்க ஆட ஓர் இடம் கிடைக்குமா என்பதே கேள்வி. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சிறிய செயற்கைப் புல்தரைகளில் நடக்கும் இரவு நேர டர்ஃப் போட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுவும் ஒரு வழியாகப் பையன்கள் முன் வந்து நிற்கிறது. பரிசுப் பணம் கையில் வரும், ஆசை புரிகிறது. எங்கள் பையன் ஒருவன் லீக் ஆட்டம் முடிந்த அதே இரவில் நான்கு டர்ஃப் ஆட்டம் ஆடினான். நான்காவதில் முழங்கால் திரும்பியது. ஓராண்டு போயிற்று, பந்தின் மேலிருந்த ஆசையும் அதோடு பாதி போய்விட்டது. ஜூனியரிலிருந்து மேலே ஏறும் ஆண்டில் உடம்புக்கு ஏற்கெனவே சுமை கூடுகிறது. வாரத்துக்கு எத்தனை ஆட்டம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், இரண்டுக்கு மேல் போனால் ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள்.

கிளப் ஒப்பந்தம் என்று வந்தால் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். 18 வயது நிறையாத ஆட்டக்காரரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபா விதி. 12 வயதிலிருந்து பையனை வளர்த்த கிளப்புக்குப் பின்னாளில் பயிற்சி ஈட்டுத்தொகை வரவும் விதி இடம் தருகிறது. அதற்கு அவன் பெயர் அந்தந்த ஆண்டில் கூட்டமைப்பின் பதிவில் இருந்திருக்க வேண்டும், நம் சிறு அணிகள் இதைக் கோட்டைவிடுகின்றன. தேர்வு முகாமுக்கு ஏற்பாடு செய்கிறேன், முதலில் பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாயிடம் சொன்னது இது. அவர் மகன் இடது விங்கர், நவம்பரில் பிறந்தவன், வேகம் இருக்கிறது, தோள் இன்னும் நிறையவில்லை. ரிசர்வ் அணிக்கு அழைத்த கிளப்பிடம் நானே பேசினேன். சென்னை லீக்கில் ஆடவைப்பீர்களா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை, அவனுக்கு முன்னால் மூன்று விங்கர்கள் இருக்கிறார்கள். ஆகவே கல்லூரியில் சேரட்டும், கூடவே இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றில் ஆடட்டும் என்றேன். அந்த அணியின் இடது பேக் எனக்குத் தெரிந்தவர், பையனுக்குப் பின்னாலேயே ஆடுவார், பார்த்துக்கொள்வார். அடுத்த ஆண்டு இதே கிளப்பின் வாசலை மறுபடி தட்டலாம்.

எங்கள் கோல்கீப்பருக்கு நேர்மாறாகச் சொன்னேன். அவனுக்கும் அதே கிளப்பிலிருந்து அழைப்பு, இரண்டாவது கீப்பராக. போகச் சொல்லிவிட்டேன். கீப்பர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள், தனியாகக் கீப்பிங் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் நம் பக்கத்தில் கிடைப்பதில்லை. அவனுக்கு இப்போது ஆட்டத்தைவிட அந்தக் கையும் காலும் தினமும் சரியாகப் பழகுவது முக்கியம். அஞ்சல் வழிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்ட பிறகுதான் போக வேண்டும் என்பது என் நிபந்தனை, ஒப்புக்கொண்டான். அந்த ஸ்டாப்பர் லீக்கிலேயே தொடர்கிறான், ஓர் அலுவலக அணி அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விங்கருக்குக் கல்லூரித் தேர்வு வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு. பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாவட்ட அணிக்கு ஆடிய சான்றிதழ் மூன்றையும் கேட்டிருக்கிறார்கள். பையனிடம் கொடுத்தால் பூட்ஸ் பையில் திணித்து மடக்கிவிடுவான் என்று, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தானே கொண்டுவருவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அன்று அரைநாள் விடுப்பும் எடுத்துவிட்டார்.